இருத்தல் என்னும் வேலை

தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டின் முன்னால் நிற்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "இதைக் கட்டியவர் யார்?" என்பதுதான். பதிலுக்கு யாரையும் தேட வேண்டியதில்லை. முகப்பில் சுதை வேலைப்பாட்டுக்கு நடுவே விலாசம் இருக்கும். மூன்று நான்கு தலைமுறை ஆண்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அந்த விலாசம். வட்டிக்கடைக்கும் அதுதான் பெயர், வீட்டுக்கும் அதுதான் பெயர். இந்த ஊரில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். மாணவிகளையும் விருந்தினர்களையும் அழைத்துக்கொண்டு எத்தனையோ வீடுகளைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். "இந்த வீட்டைக் காத்தவர் யார்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டைக் கட்டச் சில ஆண்டுகள் போதும். அதை நூறாண்டு நிற்க வைப்பது வேறு வேலை. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி முதல் வேலையைப் பற்றியது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரைக்கல் என்று பொருள்களின் பட்டியலும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை நீண்ட கட்டுமானக் காலமும் அவற்றில் கிடைக்கும். வீடு கட்டி முடிந்ததும் அந்த வரலாறும் முடிந்துவிடுகிறது. புதுமனை புகுவிழாவுக்கு மறுநாள் காலையில் அந்த வளவைப் பெருக்கியது யார் என்பதிலிருந்து இன்னொரு வரலாற்றைத் தொடங்கலாம்.

மறுநாள் காலையில் ஆண்கள் பலர் அங்கே இருக்கவில்லை. 'கொண்டுவிற்கப் போவது' என்று நகரத்தார் சொல்லும் வணிகப் பயணத்தில் ஒரு கணக்கு என்பது மூன்றாண்டு. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறிய ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கிட்டங்கிகளில் தங்கித் தொழில் செய்தார்கள். கணக்கு முடிந்து ஊருக்கு வந்து, கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறினார்கள். 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கித் தொழில் விசாரணைக் குழு, அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக மதிப்பிட்டது. கடைக்குப் போனவர்களின் மனைவிமார் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள்.

'இருந்தார்கள்' என்ற சொல்லில் தமிழ் படித்தவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பொருள் தேடிப் பிரிவது பாலை. பிரிந்தவன் வரும்வரை வீட்டில் இருப்பது முல்லை. முல்லையின் நிலம் காடு; அதன் உரிப்பொருள் இருத்தல். கடல் கடந்த பயணம் பெண்ணோடு நிகழ்வதில்லை என்று பொருள்கொள்ளப்படும் நூற்பா ஒன்றும் தொல்காப்பிய அகத்திணையியலில் உண்டு. இலக்கணம் அன்று சொன்னதை, ஈராயிரம் ஆண்டுக்குப் பின் வட்டித்தொழில் நடத்திக் காட்டியது போலிருக்கிறது. முல்லைப் பாட்டுகளை வகுப்பில் நடத்தும்போது, இருத்தல் என்பதற்கு 'ஆற்றியிருத்தல்' என்று உரை சொல்லுவோம். அந்தப் பெண் வாசலைப் பார்ப்பாள், மழையைப் பார்ப்பாள், தோழி தேற்றுவாள். அந்த நாள்களில் அவள் என்ன வேலை செய்தாள் என்பது பாட்டுக்கும் உரைக்கும் முக்கியமாகப் படவில்லை. தேவகோட்டை வீடுகளைப் பார்த்த பிறகு எனக்கு அந்த உரை போதவில்லை. இங்கே இருத்தல் என்பது மனநிலை மட்டுமல்ல. ஆண்டு முழுவதும் கையும் காலும் ஓயாத வேலை.

ஆண் தனியே இருந்தால் உலகம் அதை எப்படி எழுதி வைக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் ஹென்றி டேவிட் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில், நண்பர் எமர்சனின் நிலத்தில், பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு மரக்குடில் கட்டினார். பலகை, ஆணி, சுண்ணாம்பு என்று கணக்கெழுதி, மொத்தம் 28 டாலர் 12½ சென்ட் செலவானது என்று புத்தகத்தில் பதிந்தார். காட்டுக்குள் ஒரு குடிலை நடத்திக்கொண்டு தனியே வாழ்வதற்கு இன்றும் உலகம் எடுத்துக்காட்டும் நூல் அது. அவர் அங்கே இருந்தது இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள். ரங்கூன் கடையின் ஒரு கணக்கைவிடக் குறைவு. நம் பெண்கள் வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தச் செம்மண் சீமையில், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகளில், கணக்கு மேல் கணக்காக இருந்தார்கள். அவர்களுக்குப் புத்தகம் இல்லை.

அவர்கள் செய்த வேலையை மாதவாரியாகச் சொல்லலாம். எண்பது கடந்த ஆச்சி ஒருவர் எனக்கு அப்படித்தான் சொன்னார். இந்தப் பக்கத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அதற்கு முன் புரட்டாசிக்குள் ஓடு மாற்றியாக வேண்டும். வீட்டின் கூரை நாட்டு ஓட்டால் ஆனது. அரைக்குழல் போன்ற சிறு ஓடுகளை வரிசை வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். குரங்கு தாவினாலும் காய்ந்த மட்டை விழுந்தாலும் நாலு ஓடு நகரும். நகர்ந்த இடத்தில் இறங்கும் நீர் சட்டத்தை நனைக்கும். நனைந்த சட்டத்துக்குக் கரையான் வரும். கரையான் அரித்த சட்டம் பக்கத்துச் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும். "ஒரு ஓட்ட இந்த வருசம் மாத்தலைன்னா, மூணு வருசத்துல ஒரு பத்தியையே மாத்தணும்" என்றார் ஆச்சி. கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது, கூலி பேசுவது, உடைந்த ஓட்டுக்கு மாற்று ஓடு வாங்கிப் போட்டுவைப்பது, ஆள் மேலே இருக்கும்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்து வெளிச்சம் தெரியும் இடத்தைக் காட்டுவது எல்லாம் அவர் வேலை.

மழை வந்தால் முற்றத்தின் வேலை. நான்கு பக்கச் சாய்கூரையும் முற்றத்துக்குள்தான் நீரை இறக்கும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து மூலைத் தாரைகளுக்குக் கீழே அண்டாக்களை வைத்து, துணி கட்டிப் பிடிப்பார்கள். மிஞ்சும் நீர் முற்றத்தின் மடையில் இறங்கித் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். மடையில் இலை அடைத்தால் வளவுக்குள் நீர் ஏறும். ஆகவே இரவில் மழைச்சத்தம் கேட்டு எழுந்து, அரிக்கேன் விளக்கோடு மடைவாயைக் கையால் துழாவுகிறவர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். தை பிறந்து வெயில் ஏறினால் பூட்டியிருக்கும் அறைகளைத் திறந்து காற்றாட விட வேண்டும். பித்தளையும் செம்பும் புளி போட்டுத் துலக்கி, எண்ணி, சிட்டையோடு ஒத்துப் பார்த்து அடுக்க வேண்டும். வற்றல், வடகம், ஓராண்டுக்கான நெல், பருப்பு, மிளகாய் எல்லாம் வெயில் பார்த்துக் கட்டுக்குள் போக வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரைத் துடைத்துத் துடைத்துத்தான் பளபளப்பைக் காக்க முடியும். குடியில்லா வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும் என்பது பழமொழி. வௌவாலும் கூடவே உலாவும்.

இத்தனைக்கும் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் எவ்வளவு இடம்? திருமணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒரு பங்கும் தனி அடுப்பும் அவர்களுக்குக் கிடைக்கும். மூலதனமோ பெண்களிடமிருந்தும் போனது. திருமணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட பணம் 'ஆச்சிமார் பணம்' என்ற பெயரில் கடைகளில் வைப்பாக நின்று, கடல் கடந்த வட்டித்தொழிலுக்கு உதவியது. ஆனால் சமூகக் கணக்கில் தம்பதி ஒரு புள்ளி; துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் வரியின் வசதிக்காக வந்த கணக்குதான் அது. ஆனாலும் முழு வீட்டைக் காக்கிற ஒருவரைப் பாதியாக எண்ணும் கணக்கு என்று அதை வாசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆச்சிகளோடு இந்தக் கட்டுரையை முடித்துக்கொண்டால் நானும் ஒரு முகப்பை மட்டும் எழுதியவளாவேன். என் அம்மாச்சி இந்த ஊரில் சிறு வயதில் சித்தாளாகச் சுண்ணாம்பு சுமந்தவர். பின்பு பல ஆண்டுகள் ஒரு வீட்டின் கிணற்றடியில் பாத்திரம் துலக்கியவர். மூன்றாங்கட்டைத் தாண்டி முன்னால் வந்ததில்லை. எங்கள் வீடு மண்சுவரும் பனையோலைக் கூரையும். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை ஓலை மாற்ற வேண்டும், பொங்கலுக்குப் பொங்கல் சுவர் பூச வேண்டும், வாரந்தோறும் சாணம் மெழுக வேண்டும். "ஆச்சி வீட்டுல மழ பெஞ்சா அண்டாவ வைக்கணும், நம்ம வீட்டுல மழ பெஞ்சா புள்ளையத் தூக்கணும்" என்று அவர் சொல்லுவார். ஒரே பெண் ஒரே நாளில் இரண்டு வீடுகளைக் காத்தார். ஒன்றுக்குக் கூலி கிடைத்தது, மற்றொன்றுக்கு அதுவும் இல்லை.

அம்மாச்சியாவது கிணற்றடிவரை வந்தார். கொல்லைக் கதவையும் தாண்ட முடியாத பெண்கள் இருந்தார்கள். தேவகோட்டை அன்று சேர்ந்திருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கசாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. அவற்றில் ஒன்று வீட்டைப் பற்றியது: மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. பித்தளையை எண்ணி மாளாத வீடுகள் இருந்த அதே சீமையில், அதே ஆண்டுகளில், ஒரு பெண் தன் குடிசையில் ஒரு செம்பு வைத்திருப்பது குற்றமாக இருந்தது. செட்டிநாட்டின் 'பாத்திர மரபு' பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தடையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பிறகு பணம் வரும் வழி அடைபட்டது. 1930களின் நெருக்கடியில் கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து குவிந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நில உடைமை, 1938க்குள் 25 விழுக்காடானது. அந்த நிலத்தின் பின்னால் பர்மிய உழவர் குடும்பங்களும், அங்கேயும் வீடிழந்த பெண்களும் இருக்கிறார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. தேவகோட்டையின் 1942 என்றால் நூல்கள் சொல்வது, ஆகஸ்டுப் போராட்டத்தில் இந்த ஊர் நீதிமன்றம் எரிந்ததை. சொல்ல வேண்டிய செய்திதான். அதே ஆண்டில் வளவுகளுக்குள் கடிதம் நின்றுபோயிருந்தது. காட்டுவழியே நடந்து வருகிறவர்களில் தம் வீட்டு ஆள் உண்டா என்று தெரியாமல், புரட்டாசியில் ஓடு மாற்றப் பணத்துக்கு வழி பார்த்த பெண்களின் 1942 எந்த நூலிலும் இல்லை. 1948இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டபின், 1964 வாக்கில் எஞ்சியவர்களும் திரும்பினார்கள்.

வருமானம் போனது, வீடு மட்டும் இருந்தது. எதை விற்று எதைக் காப்பது என்ற முடிவு பெண்கள் தலையில் விழுந்தது. முதலில் பித்தளை போனது, பிறகு கண்ணாடி, பிறகு தேக்குத் தூண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்று அடுக்கியிருக்கும் பொருள்களைப் பார்க்கும்போது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கூரை பழுது பார்க்கப்பட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

சட்டம் இந்தப் பெண்களை எப்படிப் பார்த்தது? இலங்கையிலும் சொத்து வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஒருவரின் வழக்கு 1957இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. மகன் 1934இல் இறந்தார், தந்தை 1938இல் இறந்தார். குடும்பத்தில் ஆண் பங்காளி எவரும் மிச்சமில்லை. ஆகவே அது கடைசி ஆணின் தனிச்சொத்து, மரணவரி கட்டு என்றது இலங்கை அரசு. ஜீவனாம்ச உரிமை உள்ள பெண்கள் அந்தக் குடும்பத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கவும் கூடும். ஆகவே கூட்டுக்குடும்பம் அற்றுப்போகவில்லை என்று தீர்ப்பானது. வரி தப்பியது. பெண்கள் இருப்பதாலேயே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட அரிய இடம் இது. ஆனால் அந்த இருப்புக்கு அவர்களுக்குக் கிடைத்த உரிமை சோறும் துணியும் தங்க இடமும்தான். ஜீவனாம்சத்துக்கு இன்று நாம் வழங்கும் இன்னொரு பெயர் பராமரிப்புத் தொகை. வீட்டைப் பராமரித்தவருக்குப் பராமரிப்பு, வீடு வேறொருவருக்கு.

1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் உரிமை மட்டும் தந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக்கியது. கூடவே 23ஆம் பிரிவைச் சேர்த்தது. குடும்பம் வசிக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பங்கு பிரிக்கக் கேட்க முடியாது. மகளுக்கு அங்கே தங்கும் உரிமையும், திருமணமாகாதவள், கைவிடப்பட்டவள், பிரிந்து வாழ்பவள், கைம்பெண் என்றால் மட்டும். மற்ற சொத்தில் வாரிசு, வீட்டில் மட்டும் காத்திருப்பவள். இருத்தல் இங்கே சட்டப் பிரிவாகவே ஆகிவிட்டது. தமிழ்நாடு 1989இல், அதற்குள் திருமணமாகாத மகள்களைப் பங்காளிகளாக்கியது. 23ஆம் பிரிவு நீங்க 2005 வரை ஆனது. அரை நூற்றாண்டு!

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. காரைக்குடியில் 'பங்களா' விடுதியை உருவாக்கிய மீனாட்சி மெய்யப்பன், பனையோலைக் கொட்டான் பின்னலை மீட்ட விசாலாட்சி ராமசாமி போன்ற பெண்களின் உழைப்பு இந்தக் கவனத்துக்குப் பின்னால் உண்டு. ஆனால் விடுதியாக மாறிய வீடுகள் சில. மற்றவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. அல்லது ஒரே ஒரு மூத்த பெண் இருக்கிறார்.

நான் சொன்ன ஆச்சியின் வீட்டுக்கு இன்று பதினேழு பங்குகள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் அறைக்கும் ஒரு பூட்டு. போன கார்த்திகையில் ஓர் அறையிலிருந்து வளவுப் பக்கம் நீர் கசிந்தது. "என்னாத்தா செய்யச் சொல்றே? ஒழுகுறது பூட்டுன ரூமுல. சாவி மெட்ராசுல. மேல ஏறி ஓட்ட மாத்தலாம், உள்ள போயி சட்டம் எப்படி இருக்குன்னு பாக்க முடியாது" என்றார். கூரை எல்லாருக்கும் ஒன்று. சாவி மட்டும் பதினேழு. இப்போது வீட்டை விற்றுவிடலாம் என்று பங்காளிகளில் பெரும்பாலோர் பேசுகிறார்கள். தூணுக்கு ஒரு விலை, நிலைக்கதவுக்கு ஒரு விலை என்று வியாபாரி சொல்லியாயிற்று. ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த வீட்டில் இருந்தவருக்கு, இறந்த கணவரின் பங்கு வரும். மற்றப் பதினாறு பங்குகளின் கூரையையும் அவர் காத்ததற்குப் பங்கு எதுவும் இல்லை.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. 1971 முதல் ஓடு மாற்றிய கணக்கு. தேதி, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, வாங்கிய ஓடு, சுண்ணாம்பு மூட்டை, எந்தப் பங்காளி எவ்வளவு அனுப்பினார், எவ்வளவு தன் கையிலிருந்து போட்டது எல்லாம் நுணுக்கி எழுதியிருக்கிறார். பொதுவீட்டுக்குச் செய்த செலவைப் பங்கு பிரிக்கும்போது கேட்கலாம் என்பதால், அதை வழக்கறிஞரிடம் காட்டச் சொன்னேன். "அது நான் ஞாபகத்துக்கு எழுதுனது" என்று தயங்கினார். இரண்டு நாள் கழித்து, படியெடுத்துத் தரும்படி அவரே என்னிடம் கொடுத்தனுப்பினார்.

செட்டிநாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் தேட வேண்டிய ஆவணங்கள் இப்படிப்பட்டவை. பெட்டகத்தில் இருக்கும் கடைக்கணக்கு ஏடுகளை ஆய்வாளர்கள் தேடிப் போய்ப் படிக்கிறார்கள். மூன்றாங்கட்டு அலமாரியில் இருக்கும் ஓட்டுக்கணக்கையும் பாத்திரச் சிட்டையையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். ஆச்சியின் நோட்டில் சித்தாள் கூலிக்கு நேரே வெறும் எண் இல்லை. அந்தந்த ஆண்டு சுண்ணாம்பு சுமந்த, ஓடு தூக்கிக் கொடுத்த பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வீட்டில் வேறு எங்கும் அவர்கள் பெயர் இல்லை.